படிச்சுப் படிச்சுச் சொன்னது

“உங்க பையன்தான் என்னை அனுப்பினாரும்மா. இதோ, உங்க பேரைக்கூட எழுதிக் கொடுத்திருக்காரு.”

விமான நிலைய வாசலில் டிரைவர் நீட்டிய அட்டையை அம்மா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“இப்படித்தான் சொல்லி ஏமாத்துவாங்கன்னு என் பையன் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கான்.”

டிரைவர் தன் போனில் அவள் மகனைப் பிடித்து அவளிடம் கொடுத்தார்.

“அம்மா, நான்தாம்மா! மீட்டிங்ல மாட்டிக்கிட்டேன். அவர்கூட வந்துடும்மா.”

“குரலைக்கூட அப்படியே பேசுவாங்கன்னு சொன்னதும் அவன்தான். யார்கிட்ட?”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

நகரத்தின் நடுவே பன்னிரண்டாம் மாடியில் மகன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். விமானத்தில் அணைத்த போனை அம்மா இன்னும் உயிர்ப்பிக்கவில்லை.

அரை மணி கழித்து அம்மாவின் எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது.

“கண்ணு, ஒரு திருட்டு டிரைவர் என்னைக் கூட்டிட்டுப் போகப் பார்த்தான். நல்லவேளை, ஒரு நல்ல மனுஷன் ஓடி வந்து, ‘அவனை நம்பாதீங்கம்மா’ன்னு காப்பாத்தினாரு. அவர் கார்லதான் வர்றேன்.”

“ஐயோ அம்மா, உடனே இறங்கு! கார் எங்க இருக்கு?”

“எனக்கென்னப்பா தெரியும்? ஊர் கெட்டுக் கிடக்குன்னு வளையலைக்கூடக் கழற்றிப் பெட்டியில வெக்கச் சொன்னாரு. இப்ப போனையும் அவரே பத்திரமா வெச்சிக்கறாராம். கொடுத்துடறேன் கண்ணு.”