பத்துக் குடம் தண்ணீர்

பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சி தடவி நிமிர்வதற்குள் கரி விழுந்தது.

"உழுந்திருச்சுங்க" என்றாள் மனைவி நல்லம்மாள்.

நாச்சிமுத்து அண்ணாந்து பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? தெருக்கோடி அரிசி மில்லின் புகைக்கூண்டு ஒரு மாதமாக இந்த ராசிபுரத்து நெசவுத் தெரு முழுக்க உமிக்கரியை இறைத்துக்கொண்டிருக்கிறது. காய்ந்த நூல் என்றால் தட்டிவிடலாம். கஞ்சி ஈரத்தில் ஒட்டின கரியைப் பிரம்மாவே இறங்கி வந்தாலும் எடுக்க முடியாது.

"மூணாவது பாவு" என்றான். "இன்னொருக்கா புள்ளி உழுந்த வேட்டியக் கொண்டாந்தா நூலே கெடையாதுன்னு செட்டியாரு கண்டிசனாச் சொல்லிப்போட்டாரு. நூலில்லாத தறிய என்ன பண்றது? வெறகா ஒடைக்கறதா?"

"மில்லுல ஈர உமியப் போடறாங்களோ என்னமோ."

"ஈர உமியுமில்ல, காஞ்ச உமியுமில்ல. எல்லாம் அந்த சவரியான் வேலை."

சவரியார் மில்லில் பாய்லருக்கு உமி தள்ளுகிறவர். போன மாதம் ஒருநாள் தெருக் கிணற்றுக்கு வெறுங்குடத்தோடு வந்தார். பத்தடி தள்ளியே நின்றுகொண்டு, "கொஞ்சம் தண்ணி ஊத்தோணுமுங்க சாமி. குடிக்கறதுக்கில்லீங்க..." என்று ஆரம்பித்தார்.

நாச்சிமுத்து முடிக்க விடவில்லை. "எதுக்கா இருந்தா எங்களுக்கென்ன? உனக்கு ஊத்தறதுக்கா நாங்க கெணறு வெட்டி வெச்சிருக்கறோம்? போ, போ."

பக்கத்து வீட்டுச் செங்கோடன்கூட, "நல்லாக் கேட்டீங்கண்ணா" என்று முதுகில் தட்டிக் கொடுத்தான். அதற்கு மறுநாள்தான் கரி விழ ஆரம்பித்தது. வேறென்ன சாட்சி வேண்டும்?

"அந்தக் கோவத்துல பொகைய நம்ம பக்கம் திருப்பி உடறான்" என்றான் நாச்சிமுத்து.

"பொகைய எப்படீங்க திருப்புவாங்க?"

நாச்சிமுத்து கரி ஒட்டின நூலில் ஒரு பிடியை அறுத்துக்கொண்டு புறப்பட்டான். செங்கோடனும் இன்னும் நாலு பேரும் கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

மில் வாசலிலேயே முதலாளி காளியண்ணன் நின்றிருந்தார்.

"ஏனுங்க மொதலாளி, ஒண்ணு பொகைய நிறுத்துங்க, இல்லாட்டி அந்த சவரியார நிறுத்துங்க. ரெண்டுமில்லீன்னா கலெக்டர் தொரைக்கு மனுப் போடறோம்" என்று நாச்சிமுத்து நூலை நீட்டினான்.

காளியண்ணன் நூலை வாங்கிப் பார்த்தார். "ரெண்டு வருசமா மில்லு ஓடுது. போன மாசம் வரைக்கும் கரி உழுந்துதா?"

"ஆரம்பத்துல ஒரு வாரம் உழுந்துதுங்க. அப்பறம் நின்னுபோச்சு."

"ஏன் நின்னுது?"

நின்றுபோனதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று அந்தத் தெருவில் யாரும் யோசித்ததே இல்லை.

"வாங்க காட்டறேன்" என்று அவர் உள்ளே நடந்தார்.

பாய்லருக்கும் புகைக்கூண்டுக்கும் நடுவில் ஒரு செங்கல் அறை. உள்ளே வரிசையாகக் கம்பிகள். மேலே, அடியில் ஓட்டை போட்ட மண்குடங்கள். வெளியே மூலையில் கரியேறி விறைத்துப்போன கோணிச் சாக்குகள் கிடந்தன.

"கம்பியில சாக்கத் தொங்க உட்டா, மேல இருந்து தண்ணி சொட்டி நனச்சுட்டே இருக்கும். பொகை அந்த ஈரச் சாக்குக்குள்ள நொழஞ்சுதான் கூண்டுக்குப் போகோணும். கரியெல்லாம் சாக்குல ஒட்டிக்கும். இது இஞ்சினியர் சொல்லிக் குடுத்ததில்ல. உங்க ஈரப் பாவுல கரி ஒட்டுனதப் பாத்துப்போட்டு, மனசு கேக்காம சவரியாரு செஞ்ச ஏற்பாடு."

நாச்சிமுத்துவின் குரல் இறங்கியது. "அப்பறம் ஏனுங்க சாக்கக் கழட்டிட்டாங்க?"

உமிக் குவியலுக்குப் பின்னாலிருந்து சவரியார் வந்தார். இமை மயிரெல்லாம் கரி.

"தண்ணியில்லீங்க. போன மாசத்துல இருந்து மில்லுக் கெணத்துல ஊறறது பாய்லருக்கே பத்தறதில்ல. சாக்கு காஞ்சா தீப் புடிச்சுக்கும், அதான் கழட்டி வெச்சுட்டேன். ஒரு நாளைக்குப் பத்துக் கொடம் இருந்தாப் போதுமுங்க."

"பத்துக் கொடம் ஒரு பெருசா? எங்க தெருக் கெணத்துல கேட்டிருக்கலாமில்ல?" என்றான் செங்கோடன்.

"நாந்தான் கேக்கச் சொல்லி அனுப்புனேன்" என்றார் காளியண்ணன். "வெறுங்கொடத்தோட திரும்பி வந்தாரு."

"அப்படி வெரட்டுனவன் எவன்? தெருவையே கெடுத்துப்போட்டானே!" என்று குதித்தான் செங்கோடன். போன மாதம் முதுகில் தட்டியது அந்தக் கைக்கே மறந்துபோயிருந்தது.

"எத்தன தடவ கேட்டாலும் இவரு வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. இப்பவாச்சும் ஆளைச் சொல்லுங்க சவரியாரே" என்றார் காளியண்ணன்.

நாச்சிமுத்து வாசல் பக்கம் பார்த்தான். தெருவில் எத்தனை பாவு போயிருக்கிறது? அத்தனையும் இனி அவன் தலையில்தான் விடியும். ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

சவரியார் வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நாச்சிமுத்து மேல் விழுந்த பார்வை நிற்காமல் அடுத்த ஆளுக்குப் போனது.

"நாளெல்லாம் பொகையில கெடக்கற கண்ணுங்க. ஆரு மொகமும் நெனப்பில்லீங்க" என்றார்.

செங்கோடனுக்கு அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "சரி சரி, நெனப்பில்லீன்னா உட்டுப்போடலாம்" என்று அவசரமாகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினான்.

"எனக்கு நெனப்பிருக்குதுங்க" என்றான் நாச்சிமுத்து.