பத்து நிமிஷ உப்பு

"இது அநியாயம் மேடம்!"

லேப் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான் செந்தூர்வேல். பேராசிரியை இசக்கித்தாயிடம் ஆராய்ச்சி செய்கிறவர்கள் இரண்டே பேர். அவனும் ரம்யாவும்.

"மூணு வருஷமா இங்கன கெடந்து பாடுபட்டவ ரம்யா. அவளைக் கம்ப்யூட்டர் ரூம்ல உக்கார வச்சிட்டு, அவ வேலைய நீங்க செய்யுதீங்க!"

"அது எனக்கும் அவளுக்கும் உள்ள பேச்சுப்பா." மேடம் மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

உள்ளே இருந்தது அயனித் திரவம். தூத்துக்குடியில் உப்பு என்றால் கல்லும் தூளும்தான். இது எண்ணெய் மாதிரி ஓடுகிற உப்பு. இதுவரை டொலுயீன் என்கிற நெடியடிக்கும் கரைப்பானில் போட்டு இரண்டு நாள் கொதிக்கவிட்டார்கள். மேடத்தின் புது வழிக்கு டொலுயீனே வேண்டாம். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும்.

"நாளையிலேர்ந்து நீயும் இப்படியே செய்."

"பேரு மட்டும் உங்களுக்கா?"

"ரம்யாவுக்குத்தான்."

"அப்புறம் ஏன் அவளை உள்ள விடமாட்டேங்கீங்க?"

மேடம் அடுப்பை அணைத்துவிட்டுக் குறிப்பேட்டைப் பிரித்தார். அவனுக்கு அது போதும்.

கேண்டீனில் ரம்யாவைப் பிடித்தான். "நான் இருக்கேன்ளா. சும்மா விடமாட்டேன்."

"வேண்டாம்ணே, விடுங்க" என்றாள் அவள்.

பாவம், பயப்படுதா என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை போராட்டம் தொடங்கியது. புது முறையைப் புறக்கணித்து, பெரிய குடுவை நிறைய டொலுயீனை ஊற்றிச் சூடேற்றினான். புகையை இழுக்கும் விசிறி ரிப்பேர். வாடை லேபையே தூக்கியது.

வாசலில் ரம்யா வந்து நின்றாள். உள்ளே ஓர் அடி வைத்தவள், வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினாள்.

"பாத்தீங்களா மேடம்? நீங்க குடுத்த மன உளைச்சல்ல பிள்ளைக்கு உடம்பே கெட்டுப்போச்சு!"

மேடம் பாய்ந்து வந்து சூட்டை அணைத்தார். சன்னல்களைத் திறந்துவிட்டார்.

பேசியது ரம்யாதான்.

"எனக்கு மூணாம் மாசம்ணே. யாருக்கும் சொல்லாதீங்கன்னு நான்தான் மேடத்தைக் கேட்டுக்கிட்டேன். இந்த வாடை எனக்கு ஆகாதுன்னுதான் அவங்க ஒத்தையில கெடந்து புது வழி கண்டுபிடிச்சாங்க. இனி பயமில்ல, லேபுக்கு வாளான்னு நேத்து சாயங்காலம்தான் கூப்பிட்டாங்க."

ஈர முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் எனக்காகப் போராடாம இருந்திருந்தா, இன்னைக்கு உள்ள வந்திருப்பேன்."