துவைக்காத சட்டை

"அந்தச் சட்டையக் குடுங்கப்பா, தொவச்சுப்போடுறேன். வீடு பூரா பட்டாசு மருந்து வாடை."

"வேண்டாம் தாயி. வெள்ளச்சிக்குக் கண்ணு போயிருச்சு. இந்த வாசம் பட்டாத்தான் சோறு திங்குது," என்றார் மாரிக்கண்ணன்.

மகள் வேல்விழி வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு மீன் சோறு பிசைந்து வைத்தார். கிழட்டுப் பூனை அவர் கையை முகர்ந்து, தலையை உரசிவிட்டு மெல்லத் தின்றது.

தை பிறப்பதற்குள் வெள்ளச்சி செத்துப்போனது. வேப்பமரத்தடியில் புதைத்துவிட்டு வந்தவரிடம் வேல்விழி கேட்டாள்.

"இனிமேலாவது தொவைக்கட்டுமாப்பா?"

மறுக்க அவரிடம் காரணம் இல்லை. எடுத்துக் கொடுத்தார்.

வேல்விழி குழாயைத் திறந்துவிட்டு, வாளியில் முக்கப் போனாள். அந்த வாசம் முகத்தில் அடித்தது. பட்டாசு கம்பெனிக்குப் போகும்போது அம்மா சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் சட்டை அது. வெள்ளச்சிக்குச் சோறு வைத்துப் பழக்கியவளும் அம்மாதான். அம்மாவைக் கொண்டுபோன வெடி விபத்து கம்பெனியில் நடந்த அன்றைக்கு வேறு சட்டை போட்டுப் போயிருந்தாள்.

வேல்விழி திரும்பி வந்து சட்டையை அப்பாவின் மடியில் வைத்தாள்.

"கொழாயில தண்ணி வரலப்பா."

வாளி நிரம்பி வழியும் சத்தம் அவருக்கும் கேட்டது.