ஆம்பளைப் பதிப்பு

ஜெர்மனிக்குக் குடிபோனதும் பூங்கொடி மொழி வகுப்பில் சேர்ந்தாள். கணவன் தனபாலன் சிரித்தான். "பாஷை படிக்கிறதெல்லாம் பொம்பளைங்க வேலைடி. ஆம்பளைக்கு மிஷின் இருக்கு."

காதில் மாட்டும் மொழிபெயர்ப்புக் கருவியில் ஆண்களுக்கென்றே தனிப் பதிப்பு வந்திருந்தது. அதில் கெஞ்சல் கிடையாது. எதைச் சொன்னாலும் மீசையை முறுக்கிக்கொண்டுதான் பேசும்.

இன்று பூங்கொடி நெஞ்சைப் பிடித்தபடி சமையலறையில் சரிந்தாள். தனபாலன் ஆம்புலன்சுக்குப் போன் செய்து அழுதான். "அம்மா, உங்க கால்ல விழறேன், என் பொண்டாட்டியக் காப்பாத்துங்கம்மா!"

கருவி அதை ஜெர்மனில் உறுமியது: "ஏய், உடனே வண்டியை அனுப்பு. அவளுக்கு ஏதாவது ஆனால் உன்னைச் சும்மா விடமாட்டேன்!"

மறுமுனையில் இருந்த பெண், மிரட்டல் அழைப்பு என்று இணைப்பைத் துண்டித்தாள்.

"பாராட்டுகள்!" என்றது கருவி அவன் காதில். "எதிராளி வாயடைத்துப் போனார்."