சுண்ணாம்புக் கோடு

"மூணு மாசத்துக்கு கிரவுண்டு பக்கம் வராதீங்க மேடம்," என்றார் பொன்ராஜ்.

ஷாகிரா எட்டு மாதம் உட்கார்ந்து கையாலேயே செய்த குட்டி விமானம், ஓடுதளத்தில் நொறுங்கிக் கிடந்தது.

அடையாறில் ஞாயிறுதோறும் கூடும் மாடல் விமான கிளப்புக்கு பொன்ராஜ்தான் பாதுகாப்புப் பொறுப்பு. விதிகளை எழுதியதும் அவரே. விமானம் பறக்கும்போது சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி யாரும் ஓடுதளத்துக்குள் போகக் கூடாது என்பது முதல் விதி.

"எனக்குப் பின்னாடி இருபதடியில விழுது. தலையில விழுந்திருந்தா?"

"கை தவறிடுச்சு சார். ஸாரி."

டீ குடிக்கப் போயிருந்தவர்கள் சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள். "இந்த ஒரு தடவை விட்டுடலாமே," என்றார் ஒருவர்.

"யாரா இருந்தாலும் ரூல் ஒண்ணுதான்."

ஷாகிரா துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

புதன்கிழமை, அவளுடைய அண்ணன் வலியுல்லா தி. நகரில் பொன்ராஜின் ஜவுளிக்கடைக்கு வந்தார். கிளப் அடையாள அட்டையை மேஜையில் வைத்தார்.

"இனிமே வரலையாம் அண்ணாச்சி. ரிமோட்டையும் வித்துட்டா."

"தப்பு பண்ணிட்டுக் கோவிச்சுக்கிட்டா எப்படி?"

வலியுல்லா செல்போனை நீட்டினார். அன்று தங்கை விமானம் ஓட்டியதை அவர் வீடியோ எடுத்திருந்தார்.

விமானம் தாழ்ந்து இறங்கி வருகிறது. நீலச் சட்டைக்காரர் ஒருவர் போனில் பேசிக்கொண்டே கோட்டைத் தாண்டி ஓடுதளத்தில் நடக்கிறார். "சார்... சார்..." என்று ஷாகிரா கத்துகிறாள். அவர் திரும்பவில்லை. அடுத்த நொடி அவளே விமானத்தை மண்ணில் மோதவிடுகிறாள்.

நீலச் சட்டை பொன்ராஜுடையது. சரக்கு வந்த விஷயமாகப் பேசியது அவருக்கு நினைவிருந்தது. கோட்டைத் தாண்டி நடந்தது நினைவில்லை.

கடையை அப்படியே விட்டுவிட்டு மந்தைவெளியில் ஷாகிராவின் வீட்டுக்குப் போனார்.

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"ரூல் போட்டவரே மீறினாருன்னா அப்புறம் யாரும் அந்தக் கோட்டை மதிக்க மாட்டாங்க சார். நாளைக்கு யாருக்காவது அடிபட்டுடும்."

"எல்லார் முன்னாடியும் நான் ஒத்துக்கறேன். என்மேல இருக்கற கோவத்துல வராம இருந்துடாதீங்க."

"கோவமே இல்ல சார்," என்றாள் ஷாகிரா. "ரிமோட்டைக் கையில எடுத்தாலே உங்க முதுகுதான் கண்ணுல தெரியுது."