முப்பதைத் தாண்டாத முள்

மாலை நாலே கால் மணி. டாக்ஸியில் மூன்று பேர். ஓட்டியவர் வேலாயுதம்.

பின் சீட்டில் ஜினகுமாரும் அவன் மனைவி குணமாலாவும். குணமாலாவுக்கு எட்டாவது மாதம். அவள் அப்பா கவலைக்கிடம் என்று மூன்று மணிக்குத் தந்தி வந்திருந்தது. வந்தவாசிக்கு அந்தப் பக்கம் கிராமம்.

செவிலிமேடு தாண்டியும் வேகத்தைக் காட்டும் முள் முப்பதைத் தாண்டவில்லை. ஜினகுமார் அதையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"கொஞ்சம் வேகமாத்தான் போயேம்பா."

"முப்பதுக்கு மேல மிதிச்சா குடிக்குது சார். பெட்ரோல் விக்கிற விலைக்குக் கட்டுமா?"

தீபாவளி கழிந்து விலை ஏறியதிலிருந்து ஊரெல்லாம் இதே பேச்சு. ஸ்டாண்டில் பாதி டாக்ஸிகள் நகர்வதேயில்லை. ஜினகுமார் கணக்கு எழுதும் பட்டுக்கடை முதலாளியே காரைப் பூட்டி வைத்துவிட்டு ரிக்‌ஷாவில்தான் கடைக்கு வந்தார்.

மாமண்டூர் ஏரிக்கரை இறக்கத்தில் வேலாயுதம் இஞ்சினை அணைத்தார். வண்டி சத்தமில்லாமல் உருண்டது.

"சாவக் கெடக்கிற மனுஷனைப் பாக்கப் போய்க்கினு இருக்கறோம். இதுல ஒரு சொட்டு மிச்சம் புடிக்கறியே, நீயெல்லாம் புள்ள குட்டிக்காரனா?"

"ஏங்க, விடுங்க" என்றாள் குணமாலா.

வேலாயுதம் இன்னும் கொஞ்ச தூரம் போய் ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினார். இறங்கிப் பானெட்டைத் தூக்கினார்.

"சூடாயிடுச்சு சார். கால் மணி நேரம் ஆறணும்."

"முப்பதுல உருட்டினா எப்படிய்யா சூடாவும்? டீக்கடைக்காரன் உனக்கு மாமனா, மச்சானா?"

வேலாயுதம் கடைக்குள் போய் ஒரு தம்ளர் பாலும் இரண்டு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு குணமாலாவிடம் வந்தார்.

"இதை முடிச்சிடுங்கம்மா. பொழுது சாஞ்சா ஜைனருங்க நீங்க எதையும் தொடமாட்டீங்க."

"அப்பா முகத்தைப் பாத்துட்டுத்தான்."

"பசியோட போய் நின்னு மயங்கி விழுந்தா, பாக்கற பெரியவருக்கு மனசு என்னா ஆவும்?"

குணமாலா யோசித்தாள். தம்ளரை வாங்கிக்கொண்டாள். இரண்டாவது பழத்தின் தோலை அவள் எறிந்த பிறகுதான் வேலாயுதம் பானெட்டை மூடினார். ஏரித் தண்ணீர் சிவந்திருந்தது.

கிராமத்துக்குள் நுழையும்போது வீடுகளில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். குணமாலாவின் வீட்டு வாசலில் கூட்டம். அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, வயிற்றைப் பிடித்தபடி உள்ளே போனாள். உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

ஜினகுமார் குணமாலாவின் தம்பி அப்பாண்டையின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இந்த ஆளு மட்டும் ஒழுங்கா ஓட்டியிருந்தா உயிரோட பாத்திருப்பா, அப்பாண்டை!"

அப்பாண்டை விழித்தான்.

"என்னா மாமா சொல்றீங்க? அப்பா ரெண்டே முக்காலுக்கே போயிட்டாரே. நீங்க வண்டிக்கு அங்கதான் வருவீங்கன்னு ஸ்டாண்டு பக்கத்து மருந்துக்கடைக்குப் போன் போட்டேன். போனெடுத்த டிரைவர், நானே கூட்டியாறேன்னாரு. சொல்லிக் கூட்டியாங்கன்னேனே, சொல்லலை?"

யாரோ கூப்பிட்டார்கள். அப்பாண்டை போகிற போக்கில் சொன்னான்: "இருட்டிடுச்சு. இனிமே காலைலதான் எடுக்கணும். அதுவரைக்கும் அக்கா பச்சைத் தண்ணி தொடமாட்டா."

ஜினகுமார் திரும்பினான். வேலாயுதம் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியோரம் நின்றிருந்தார்.

"ஏம்பா... ஏம்பா சொல்லலை?"

"சொல்லியிருந்தா அந்தப் பாலு உள்ள எறங்கியிருக்குமா சார்? வயித்துப் புள்ளையைக் குலுக்கிக்கினு வேகமா வந்துதான் என்னா ஆவப் போவுது?"

மாசி மாதம் பெண் குழந்தை பிறந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போய் வேலாயுதத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர வேண்டும் என்று ஜினகுமார் நினைத்துக்கொண்டே இருந்தான்.

1974 ஜூன் மாதம் வேலாயுதம் டாக்ஸியை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போனார். பெட்ரோல் விலை கட்டுப்படியாகவில்லை.