அறுபது கிலோ ஜாக்கெட்

தம்பி கல்யாணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போது வசுமதி உடம்பைக் குறைக்க முடிவு செய்தாள். எடையும் அளவும் பார்த்துப் பேசும் புதுவகை வீட்டு அலமாரி அவளை அளந்து பார்த்து, அறுபது கிலோவுக்கு வந்தால் முப்பத்தாறு அளவு ஜாக்கெட் சரியாக இருக்கும் என்றது. அந்த அளவில் தைத்து வந்த ஜாக்கெட்டைப் பட்டுப்புடவையோடு உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டது. எடை அறுபதைத் தொட்டால்தான் திறக்கும்.

வசுமதி தினமும் ஒரு மணி நேரம் பளு தூக்கினாள். நான்கு கிலோ குறைந்தது. அதற்குப் பிறகு எடை அசையவே இல்லை. கல்யாணத்தன்று காலையிலும் அறுபத்து நாலுதான்.

“முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, கொஞ்சம் திறயேன்” என்று கெஞ்சினாள்.

“இன்னும் நாலு கிலோதாங்க. பாதியில விட்டுடாதீங்க” என்றது அலமாரி.

“ஜாக்கெட் எப்படியும் எனக்குப் பத்தாது. புடவையையாவது எடுத்துக் குடுங்க” என்று கணவன் கதிரேசனிடம் சொன்னாள். அவன் திருப்புளியை எடுத்துவந்து கதவையே கழற்றிவிட்டான்.

மனசு கேட்காமல் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தாள். எல்லாக் கொக்கியையும் மாட்டிய பிறகும் தொளதொளவென்று இருந்தது.

“என்னங்க, இது லூசா இருக்கு” என்றாள், நம்ப முடியாமல்.

“பளு தூக்கினதுல கொழுப்பு கரைஞ்சு தசை ஏறியிருக்கு, அதான் எடை அப்படியே நிக்குது” என்றபடி கதிரேசன் ஊக்கு தேடி ஓடினான். கழற்றிய கதவு தரையில் கிடந்தபடியே, “இன்னும் நாலு கிலோதாங்க” என்று அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தது.